ஒரு சாண் குச்சியில் ஒரு மரம்!

முருங்கைப் போத்து நடாத கிராமத்து வீடு உண்டா? பக்கத்து வீட்டு மரத்தில் ஒரு கிளையை வெட்டுகிறோம். கொல்லையில் ஊன்றுகிறோம். மேல்முனையில் சாணி உருண்டையை அப்புகிறோம். அடுத்த வருடம் சாம்பாரில் சொந்தக் காய் மிதக்கிறது.

ஆனால் பழச்செடி என்றால் மட்டும் நாற்றுப் பண்ணைக்கு ஓடுகிறோம். கேட்ட காசைக் கொடுத்து வாங்கி வருகிறோம்.

மல்பெரியை அப்படி வாங்க வேண்டியது இல்லை. பட்டுப்பூச்சிக்கு இலை போடுகிறார்களே, அதே செடிதான். முசுக்கட்டை என்றும் சொல்வார்கள். கன்னங்கரேல் என்று கம்பளிப்பூச்சி போல் பழம் தொங்கும். வாயில் போட்டால் இனிப்பும் புளிப்பும் கலந்து கரையும். நாக்கு ஊதா நிறமாகிவிடும். பிள்ளைகளுக்கு அதில் ஒரு குஷி.

இந்தச் செடியை ஒரு சாண் குச்சியில் இருந்து உண்டாக்கலாம். செலவு காலணா இல்லை. ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் நான் 12 குச்சிகளைச் சாகடித்தேன்.

அம்மாயியின் மரம்

எங்கள் அம்மாயி வீடு கோபிச்செட்டிபாளையம் பக்கம். கிணற்றடியில் ஒரு மல்பெரி மரம் நின்றது. பட்டுப்பூச்சி வளர்த்த ஒருவர் தோட்டத்தில் இருந்து அம்மாயி கொண்டுவந்து நட்ட மரம். அப்போது என் அம்மாவுக்கு 6 வயதாம். நாங்கள் பேரன் பேத்திகள் எல்லோருமே அதன் கீழ் சட்டையைக் கறையாக்கி அடி வாங்கியவர்கள்தான்.

2019-ஆம் ஆண்டு வீட்டை இடித்துக் கட்டுவது என்று முடிவானது. மரம் நின்ற இடத்தில்தான் புதுச் சுவர் வரவேண்டும். வேறு வழியில்லை.

"வெட்டுங்க சாமி. வீடுதான பெருசு" என்றார் அம்மாயி. வாய்தான் அப்படிச் சொன்னது. அன்றைக்கு அவர் மத்தியானம் சாப்பிடவில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. வெட்டப் போகிற மரத்தில் இருந்து குச்சி எடுத்து நட்டால் என்ன? நான் படித்தவன், இது ஒரு பெரிய வேலையா என்று நினைத்தேன்.

ஏப்ரல் மாதம். வெயில் கொளுத்துகிறது. மரத்தின் நுனியில் பச்சைப் பசேல் என்று இருந்த கிளைகளில் 4 குச்சி வெட்டினேன். கீழே கொஞ்சம் முற்றிய கிளையில் 8 குச்சி வெட்டினேன். வாசலில் நல்ல வெயில் விழும் இடத்தில் ஊன்றினேன். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினேன்.

பச்சைக் குச்சிகள் நாலும் இரண்டே நாளில் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. போகட்டும் என்று விட்டேன்.

மற்ற எட்டும் பத்தாம் நாள் துளிர்த்தன! கண் ஒவ்வொன்றிலும் பச்சை மூக்கு எட்டிப் பார்த்தது. பிறகு இலை விரிந்தது. ஒரு குச்சியில் கடுகு அளவுக்குப் பூப்பிஞ்சு கூட வந்தது. அம்மாயியைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டினேன். "பொழச்சுக்குச்சு கண்ணு" என்று அவர் முகம் மலர்ந்தது.

நாலாவது வாரம் இலைகள் வாடின. இன்னும் அதிகமாகத் தண்ணீர் ஊற்றினேன். இலைகள் கருகின. ஒரு குச்சியைப் பிடுங்கிப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரு வேர் கூட இல்லை! எட்டும் அப்படித்தான்.

அம்மாயி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்.

இலை வந்தால் வேர் வந்ததா?

ஊரில் நாற்று விற்கும் பெரியவர் ஒருவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தம்பி, எலய பாத்து ஏமாந்துட்டீங்க. அது வேர் குடுத்த எல இல்லீங்க. குச்சி தன்னோட சேமிப்ப எடுத்துச் செலவு பண்ணுன எல" என்றார்.

விஷயம் இதுதான். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முற்றிய குச்சிக்குள் மாவுச்சத்து சேர்ந்து இருக்கிறது. நாம் பானையில் அரிசி வைத்திருப்பது போல. குச்சியை மண்ணில் ஊன்றி ஈரம் காட்டியதும் மேலே இருக்கும் கண் முழித்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் மாவுச்சத்தைத் தின்று இலை விடுகிறது. அதற்கு வேர் தேவையே இல்லை. வெட்டிப் போட்ட விறகுக் கட்டை கூட மழையில் துளிர்ப்பதைப் பார்த்திருப்பீர்களே!

ஆனால் வந்த இலை சும்மா இருக்குமா? அது வெயிலில் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரை மண்ணில் இருந்து உறிஞ்சிக் கொடுக்க வேர் வேண்டும். வேர் இன்னும் பிறக்கவில்லை. வரவு இல்லை, செலவு மட்டும். பானை காலியானதும் குச்சி செத்துப் போகிறது.

அதாவது, குச்சி நட்டவுடன் மேலுக்கும் கீழுக்கும் ஒரு பந்தயம் நடக்கிறது. மேலே இலை ஓடுகிறது. கீழே வேர் ஓடுகிறது. வேர் ஜெயிக்க நாம் உதவ வேண்டும். நான் என்ன செய்தேன்? வெயிலில் வைத்து இலையை ஓடவிட்டேன். தண்ணீரைக் கொட்டிக் கீழ் முனையை அழுக வைத்தேன்.

வேர் எப்படிப் பிறக்கிறது?

குச்சியின் கீழ் முனை வெட்டுப்பட்ட காயம். நம் முழங்காலில் அடிபட்டால் பொருக்குத் தட்டுகிறதே, அதுபோல அங்கே வெள்ளையாக ஒரு தடிப்பு உண்டாகும். அந்த இடத்திலும் கணுவை ஒட்டியும் வேர்முனை உடைத்துக்கொண்டு வரும். மல்பெரிக்கு நல்ல பருவத்தில் சுமார் 3, 4 வாரம் ஆகும். சில குச்சி இன்னும் தாமதிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குச்சிக்குத் தலை எது, கால் எது என்று தெரியும்! மரத்தில் இருந்தபோது வேரை நோக்கி இருந்த முனையில்தான் வேர் வரும். தலைகீழாக நட்டால் ஒழுங்காக வளராது. துளிரில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் மேலே இருந்து கீழ் நோக்கி இறங்கிவந்து, அடி முனையில் சேர்ந்து வேர் விடச் சொல்கிறது. 1930-களில் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். கடைகளில் விற்கிற வேர்ப் பொடியில் இருப்பது இதே வகையைச் சேர்ந்த செயற்கைப் பொருள்தான். மல்பெரிக்கு அது கட்டாயம் இல்லை. இருந்தால் ஒரு சிட்டிகை தொட்டு வைக்கலாம். அதிகம் போட்டால் கெடுதல்.

தலை, கால் மாறிப் போகாமல் இருக்க நாற்றுக்காரர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். மேல் முனையை நேராக வெட்டுவார்கள். கீழ் முனையைச் சாய்வாக வெட்டுவார்கள். குச்சிகள் கலந்து போனாலும் பார்த்தவுடன் தெரியும். சாய்வாக வெட்டினால் மண்ணில் இறங்குவதும் சுலபம்.

இரண்டாம் தடவை

ஜூலை மாதம் தென்மேற்குக் காற்று வந்து வெயில் தணிந்தது. செப்டம்பரில் மரத்தை வெட்ட ஆள் சொல்லியாகிவிட்டது. இதுவும் தவறினால் அவ்வளவுதான். பெரியவர் சொன்னதை ஒன்று விடாமல் செய்தேன். நீங்களும் அப்படியே செய்யலாம்.

முதலில் கிளை. நுனிப் பச்சையும் வேண்டாம். அடிமரத்துக் கட்டையும் வேண்டாம். 6 முதல் 8 மாதம் ஆன கிளை வேண்டும். பட்டை பழுப்பு நிறமாக மாறியிருக்கும். வளைத்தால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பென்சில் கனத்தில் இருந்து சுண்டுவிரல் கனம் வரை நல்லது. காலையில் வெட்டுங்கள். வெட்டியதை ஈரத் துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். வெயிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

குச்சியின் நீளம் 6 அங்குலம் முதல் 8 அங்குலம். அதில் 3, 4 கண் இருக்க வேண்டும். கண் என்றால் இலைக்காம்புக்கு மேலே புடைத்திருக்கும் மொட்டு. இலைகளை எல்லாம் கிள்ளி எடுத்துவிடுங்கள். கத்தி கூர்மையாக இருக்கட்டும். மொண்ணைக் கத்தி பட்டையைக் கிழிக்கும், நசுக்கும். நசுங்கிய இடத்தில் அழுகல் நுழையும். வீட்டுக் கத்தியை அடுப்பில் காட்டி ஆற வைத்து எடுத்தால் போதும்.

மண்ணுக்கு, செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு. பச்சைச் சாணியைப் போடாதீர்கள். அது சூடு, வேர்முனையைப் பொசுக்கிவிடும். பால் பாக்கெட், எண்ணெய் டின், உடைந்த பிளாஸ்டிக் வாளி எதுவானாலும் சரி. அடியில் ஓட்டை இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

கம்பியால் முதலில் துளை போட்டு, பிறகு குச்சியை இறக்குங்கள். நேராகக் குத்தினால் பட்டை உரியும். லேசாகச் சாய்த்து நடலாம். மேலே ஒரே ஒரு கண் வெளியே தெரிந்தால் போதும், மற்றவை மண்ணுக்குள். சுற்றிலும் மண்ணை விரலால் அழுத்திவிடுங்கள். உள்ளே காற்று இடைவெளி இருந்தால் குச்சி காய்ந்துவிடும்.

தென்னங்கீற்றுப் பந்தலின் கீழே வையுங்கள். மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியில் வெயில் படாத மூலையில் வைக்கலாம். வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். தண்ணீர் விஷயத்தில் கையை மண்ணில் வைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். எனக்கு இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை போதுமாக இருந்தது. உரம்? வேர் வரும் வரை பேச்சே இல்லை. வாய் இல்லாத பிள்ளைக்குச் சோறு ஊட்ட முடியுமா?

துளிரில் பூப்பிஞ்சு வந்தால் கிள்ளி எறியுங்கள். மனசு வராது. எனக்கும் வரவில்லை. ஆனால் அது சேமிப்பைத் தின்னும் வாய்.

பிடுங்கிப் பார்க்காதீர்கள்!

குச்சி நடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்ப்பது. பட்டு நூலை விட மெல்லிய வேர்முனை அப்போதுதான் எட்டிப் பார்த்திருக்கும். பிடுங்கினால் அறுந்துவிடும். திரும்ப நட்டால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். பானையில் அரிசியோ தீர்ந்திருக்கும்.

பிடுங்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் வந்த இலை நின்றுபோய், பத்துப் பதினைந்து நாள் அப்படியே இருக்கும். அப்புறம் இரண்டாவது முறை விறுவிறு என்று புது இலை வரும். நிறம் பளபளவென்று இருக்கும். அதுதான் அடையாளம். அந்த இரண்டாவது இலைதான் வேர் கொடுத்த இலை. டின்னின் அடி ஓட்டை வழியாக வெள்ளை வேர் தலைகாட்டினால் சந்தேகமே வேண்டாம்.

நான் 15 குச்சி நட்டேன். ஐந்து அழுகிப் போயிற்று. ஒன்றைக் கரையான் தின்றது. ஒன்றை அம்மாயி வீட்டு ஆடு கடித்தது. எட்டு பிழைத்தன. செப்டம்பரில் மரம் சாய்ந்தபோது டின்களில் அவை இரண்டாவது இலை விட்டு நின்றன. மரம் வெட்டுவதைப் பார்க்க அம்மாயி வரவில்லை. டின்களுக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

எந்த மரத்தில் வெட்டுவது?

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். மல்பெரியில் ஆண் மரம், பெண் மரம் உண்டு. ஒரே மரத்தில் இரண்டு பூவும் வருவதும் உண்டு. ஆண் மரத்தில் குச்சி எடுத்தால் நூறு வருடம் வளர்த்தாலும் நிழல்தான், பழம் இல்லை. ஆகவே, நீங்களே பழம் பறித்துத் தின்ற மரத்தில்தான் குச்சி கேட்க வேண்டும்.

அந்த ஆண் பூவைப் பற்றி ஒரு வார்த்தை. அது சாதாரணப் பூ அல்ல. கவண்கல் போல மகரந்தத்தைச் சுண்டி எறிகிறது. ஒலியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் அது பாய்கிறது என்று 2006-இல் ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாத துப்பாக்கி! பழமும் விசித்திரம்தான். ஒரு மல்பெரிப் பழம் என்பது ஒரு பழம் அல்ல. அதில் இருக்கும் ஒவ்வொரு மணியும் ஒரு தனிப் பூவில் இருந்து வந்தது. ஒரு கூட்டுக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதை போட்டால் என்ன என்று கேட்பீர்கள். முளைக்கும். ஆனால் தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. பழம் சிறுத்துப் போகலாம். ஆண் செடியாக வரலாம். குச்சி அப்படி அல்ல. அது பிள்ளை இல்லை. அதே மரம். அதே ருசி, அதே நிறம்.

எல்லாப் பழச்செடிக்கும் இந்த வழி சரிவராது. திராட்சையும் அத்தியும் குச்சியில் சுலபமாக வரும். களாக்காய் முரண்டு பிடிக்கும். அதற்குப் பழத்தில் இருந்து எடுத்த விதையை உலர விடாமல் உடனே போடுவதுதான் நல்லது. கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் விளையும் ஸ்ட்ராபெரிக்குக் குச்சியே கிடையாது. அது தரையில் ஓடும் கொடியில் தானே குட்டி போடும்.

வைத்தியர் வளர்த்த செடி

சென்னையில் மல்பெரி நட்ட கதை ஒன்று உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஜேம்ஸ் ஆண்டர்சன் என்று ஒரு தலைமை மருத்துவர் இருந்தார். ஸ்காட்லாந்துக்காரர். வைத்தியத்தை விடச் செடிகொடிகள் மேல் அவருக்கு ஆசை அதிகம். சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டு, சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்க்கப் பார்த்தார். மல்பெரி நட்டுப் பட்டு எடுக்கவும் பாடுபட்டார். 1809-இல் அவர் காலமானார். அந்தப் பட்டு முயற்சி நிலைக்கவில்லை.

மைசூர்ச் சீமையில் திப்பு சுல்தான் காலத்தில் ஊன்றிய பட்டுத் தொழில் மட்டும் நிலைத்து வளர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் ஓசூர், தாளவாடி, கோபி வட்டாரங்களில் மல்பெரித் தோட்டம் பார்க்கலாம். மைசூரில் உள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் தந்த 'வி-1' என்ற ரகத்தைப் பலர் பயிரிடுகிறார்கள். அதுவும் குச்சியில் இருந்து வருவதுதான். ஆனால் அது இலைக்காக. பழத்துக்கு என்றால் பழம் பெருத்த மரமாகத் தேடிக் கேளுங்கள்.

நட்ட பிறகு

மூன்று, நாலு மாதம் கழித்து டின்னில் இருந்து தரைக்கு மாற்றலாம். ஒன்றரை அடிக் குழி போதும். சுவரில் இருந்து ஏழெட்டு அடி தள்ளி நடுங்கள்; அம்மாயி செய்த தவறைச் செய்யாதீர்கள். கிணறு, கழிவுநீர்த் தொட்டிப் பக்கமும் வேண்டாம். இடம் இல்லாதவர்கள் பெரிய பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக வெட்டி அதில் வளர்க்கலாம். இரண்டடி உயரத்தில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டுப் புதராக நிற்கும். பிள்ளைகள் கைக்கு எட்டும்.

பழம் ஓய்ந்ததும் கிளைகளைக் குறைத்து, இலையை உருவிவிட்டுத் தண்ணீர் காட்டுங்கள். புதுத் துளிரோடு பூவும் சேர்ந்து வரும். துளிர் சுருண்டு மாவுப்பூச்சி தெரிந்தால் அந்த நுனியை வெட்டி எரித்துவிடுங்கள். மருந்து அடிக்காதீர்கள். பிள்ளைகள் பறித்து அப்படியே வாயில் போடுகிற பழம் இது. பச்சைக் காயைத் தின்ன விடாதீர்கள். பால் இருக்கும், வயிற்றைப் புரட்டும்.

மைனாவும் குயிலும் பங்கு கேட்டு வரும். உச்சிக் கிளையை அவற்றுக்கு விட்டுவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். சட்டையில் கறை பட்டால், பழுக்காத சிவப்புக் காயை நசுக்கி அதன் மேல் தேய்த்து உடனே அலசுங்கள். அம்மாயி அப்படித்தான் செய்வார்.

எட்டுச் செடியில் இரண்டைப் புது வீட்டுக் கொல்லையில் நட்டோம். மற்றவற்றை அத்தை வீடு, சித்தி வீடு, அந்த நாற்றுக்காரப் பெரியவர் என்று கொடுத்தோம். 2021-ஆம் ஆண்டு தை மாதம் கொல்லைச் செடி நன்றாகக் காய்த்தது. முதல் பழத்தைப் பறித்து அம்மாயி கையில் கொடுத்தேன்.

வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அதே புளிப்புத்தான் கண்ணு" என்றார். "இன்னும் ரண்டு நாள் உட்டுப் பறிச்சிருக்கோணும்."